மாப்பிள்ளைக்கு ஒரு களி உருண்டை

அத்தியாயம் 7

நூருல்லா அந்தப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றுகொண்டான்.

"நீங்களே பிரிங்கண்ணா. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

துப்பறியும் சென்றாயன் பொட்டலத்தை ஏற இறங்கப் பார்த்தார். மஞ்சள் துணி, மேலே அப்பிய குங்குமம், ஓரமெல்லாம் ஈரமண்.

"எங்க தோண்டின?"

"பாகலூர் முனியப்பன் கோயில் புளியமரத்தடியில. ஆஞ்சப்பன் வீட்டு மாப்பிள்ளைக்கு யாரோ சூனியம் வெச்சுட்டாங்கன்னு ஊரே பேசிக்கினு இருக்குது. வெளுக்குற செல்லி, மாப்பிள்ளை சொக்காயத் தொவைக்க எடுத்திருக்கா. பாக்கெட்டுல இது இருந்துச்சாம். அவ போட்ட சத்தத்துல பூசாரி ஓடியாந்து, எலுமிச்சம்பழம் அறுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு, அவரு கையாலயே பொதைச்சுட்டாரு. அவரு தலை மறைஞ்சதும் நான் தோண்டிட்டன். முனியப்பன் எங்கிட்ட கோவிச்சுக்க மாட்டாரு. நான் வேற கட்சி."

நூருல்லா ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி தடத்தில் பஸ் கண்டக்டர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பயணிகளைக் கிண்டல் செய்வான். மூன்றிலும் புகார் போய், வேலை போயிற்று. சேலத்தில் இரகசியப் போலீஸ் வேலையை மேலதிகாரி முகத்தில் வீசிவிட்டு வந்த சென்றாயன், ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அறை எடுத்த நாளிலிருந்து அவன்தான் அவருக்குக் கை, கால், காது எல்லாம். வாய் மட்டும் அவனுடைய சொந்த உபயோகத்துக்கு.

சென்றாயன் துணியைப் பிரித்தார். உள்ளே ரோஜா நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான ஒரு தகடு. அதன் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு மெல்லிய எஃகுக் கம்பி வளைந்து ஓடியது.

வழக்கைக் கொண்டுவந்து மூலையில் உட்கார்ந்திருந்த சென்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சூனியமேதானுங்கய்யா!"

சென்றாயன் அதைத் துடைத்துத் தன் வாய்க்கு நேரே பிடித்துக் காட்டினார். "இது பல்லுக்குப் போடுற தகடும்மா. மேலண்ணத்துல ஒட்டி உக்காரும். இந்தக் கம்பி, முன்பல்லு வெளிய நீட்டிக்காம புடிச்சுக்கும். பெங்களூர்ல பெரிய டாக்டருங்க செய்யுறது."

சென்னம்மாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. "பல்லா? எங்க மாமனுக்கும் பல்லுதானுங்களே..."

அவள் கதை இவ்வளவுதான். அவளுடைய அக்காவை மாலூர்ப் பக்கம் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கோபால் என்று பெயர் சொன்னான். மேல்வரிசைப் பல் துருத்திக்கொண்டு வெளியே நிற்கும். தாடை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கீழ் உதட்டிலிருந்து நேரே கழுத்துதான். ஊரில் 'தேங்காய்த் துருவி' என்று பட்டப்பெயர். ஒருநாள் காலையில் அக்கா கிணற்றில் மிதந்தாள். கால் வழுக்கியது என்றான் அவன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் இல்லை, அக்காவின் நகைகளும் இல்லை. கிணற்று மேட்டில் அவன் அக்காவை நெட்டித் தள்ளியதைத் தூரத்திலிருந்து பார்த்தவள் சென்னம்மா. அப்போது அவள் சின்னப்பெண், யாரும் நம்பவில்லை.

போன வாரம் ஓசூர்ச் சந்தையில் கன்றுக்குட்டி பேரம் பேசிய ஒரு குரல் அவள் காலைக் கட்டிப்போட்டது. அதே குரல். ஆனால் திரும்பிப் பார்த்தால் முகம் வேறு. பல் அடக்கமாக, தாடை எடுப்பாக, மீசை முறுக்காக ஒருவன். விசாரித்தால், பாகலூர் ஆஞ்சப்பன் மகள் கெம்பம்மாவைக் கட்டப்போகிற மாப்பிள்ளை தியாகராஜன், கும்பகோணத்துக்காரன், மின்சாரக் கம்பம் நடுகிற வேலையில் ஓவர்சீயர். குரலை மட்டும் நம்பிச் சென்னம்மா ஆஞ்சப்பன் வீட்டு வாசலில் போய்ச் சொன்னாள். அவர் நாயை அவிழ்த்துவிட்டார். நல்ல வேளையாக அன்றைக்கு மாப்பிள்ளை ஊரில் இல்லை.

"நாளை மறுநாள் விடியல்ல முகூர்த்தம்ணா," என்றான் நூருல்லா. குரலில் இப்போது கிண்டல் இல்லை. "இன்னொரு விசயம். ஆஞ்சப்பன் வீட்டுக் கொல்லைக் கெணத்துக்கு மார் ஒசரத்துக்குச் செவுரு இருந்துச்சு. மாப்பிள்ளை பாத்துட்டு, மோட்டார் வெக்க எடைஞ்சல், இடிச்சுடுங்கன்னாராம். நேத்து கொத்தனார் இடிச்சுட்டாரு."

சென்றாயன் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பெங்களூர் பஸ் எப்ப?"

"பஸ்ஸா? இப்ப ஓடினா புடிக்கலாம். நடந்தா அடுத்தது."

ஓடினார்கள்.

*

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் பல் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல்லைப் பிடுங்குகிறவர்கள் பலர், பல்லை நகர்த்துகிறவர்கள் மூன்றே பேர். முதல் இரண்டு பேர் தகட்டைப் பார்த்துத் தலையாட்டி அனுப்பினார்கள். மூன்றாவது மாடிப்படி ஏறி, டாக்டர் பிரபாகர் ராவின் மேஜையில் அதை வைத்ததும் அவர் தொலைந்த பிள்ளையைக் கண்டதுபோல எடுத்துக்கொண்டார்.

"நம்ம வளைவு! இந்தக் கம்பி நான் வளைச்சது. எங்கே கெடைச்சது இது?"

"முனியப்பன் கோயில்ல, எலுமிச்சம்பழத்தோட," என்றான் நூருல்லா.

டாக்டர் லண்டனில் படித்தவர். கன்னடம் கலந்த தமிழில், கேள்வி கேட்காமலே பாடம் நடத்துகிற வழக்கம். நோயாளியின் பெயரைச் சொல்ல முதலில் மறுத்தார். கிணற்றுச் சுவர் இடிக்கப்பட்டதைச் சென்றாயன் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தடையில்லாமல் பேசினார்.

"வாசுதேவன்னு பேர் சொன்னான். சினிமாவிலே சேரணும், முகத்தை மாத்துங்க டாக்டர்னு வந்தான். பக்கத்திலேருந்து பார்த்தா மனுஷ முகம் மூணு ஜாதி, சார்." ஒரு மர அளவுகோலை எடுத்து நூருல்லாவின் கன்னத்தருகே செங்குத்தாக நிறுத்தினார். "நெத்தி, மேலுதட்டுக்கு மேலே மூக்கடி, தாடை நுனி. மூணும் ஒரே கோட்டிலே இருந்தா நேர் முகம். தாடை பின்னாலே போயிட்டா நடுவிலே குவிஞ்சு நிக்கும், குவிமுகம். தாடை முன்னாலே வந்துட்டா நடுவிலே குழியும், குழிமுகம். இவர் சுத்தமான குழிமுகம்."

"தாடை முன்னால போற எடத்துக்கு நான் பின்னால போறன் டாக்டர், அதான் எல்லா வம்பும்," என்றான் நூருல்லா தாடையைத் தடவிக்கொண்டு.

"அந்த வாசுதேவன் குவிமுகம். மேல்பல் வெளியே, தாடை உள்ளே. நான் மேல்வரிசையிலே கோரைப்பல்லுக்குப் பின்னாலே பக்கத்துக்கு ஒரு பல் பிடுங்கினேன். அந்த இடத்துக்கு முன்பல்லை எல்லாம் கம்பி கட்டி இழுத்தேன். ரெண்டு வருஷம். பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், அதுக்குத்தான் இந்தத் தகடு. ராத்திரி போட்டுக்கணும்."

அலமாரியிலிருந்து இரண்டு ஜோடி சுண்ணாம்பு அச்சுகளைக் கொண்டுவந்து வைத்தார். நோயாளியின் வாயில் மாவு வைத்துக் கடிக்கச் செய்து எடுத்த அச்சு. மேல்பல், கீழ்ப்பல், ஈறு எல்லாம் அப்படியே வெள்ளையாய் நின்றன. ஒன்று வைத்தியத்துக்கு முன்னால், ஒன்று பின்னால். முதல் ஜோடியில் மேல்பல் கூரைச் சார்ப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் அடங்கியிருந்தது.

"அப்ப தாடை?" என்றார் சென்றாயன். "தாடையையும் முன்னால கொண்டாந்தீங்களா?"

"சின்னப்பிள்ளைன்னா பார்க்கலாம். எலும்பு முத்தினவனுக்கு என்கிட்டே வைத்தியம் கிடையாது. பல்லு அடங்கிச்சு, தாடை அங்கேயேதான் இருக்கு. இப்பவும் அவன் தாடை இல்லாத ஆள்தான்."

நூருல்லா சென்றாயனைப் பார்த்தான். சென்றாயன் ஜன்னலைப் பார்த்தார். மாப்பிள்ளை தியாகராஜனுக்குத் தாடை இருந்தது. எடுப்பான, நேரான தாடை. அதைப் பார்த்துத்தான் பாகலூரே மயங்கிக் கிடந்தது.

"போச்சு," என்றான் நூருல்லா மெதுவாக. "பல்லு அவனுது. முகம் அவனுது இல்ல. வேற எவனோ ஓவர்சீயர் பாக்கெட்டுல தகட்டைப் போட்டுட்டானா? நான் போயி பஸ்ஸுல துண்டு போடுறன்ணா."

அவன் படியிறங்கிப் போனபின் சென்றாயனும் எழுந்தார். அச்சுகளை இரவல் கேட்டார். டாக்டர் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அடுக்கினார். அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. அதே பெயர் எழுதிய மூன்றாவது ஜோடி ஒன்று உள்ளே தனியாக இருந்தது. அதன்மேல் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி. சென்றாயன் அதைக் கையில் எடுத்தார். அதிலும் மேல்பல் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கீழ்ப்பல்லும் அதற்குச் சமமாக முன்னால் வந்து நின்றது.

"இது யாருது டாக்டர்?"

"அதுவும் அவனுதுதான். முதல் நாள் எடுத்தது. தப்பு அச்சு. ஏமாத்திட்டான் பயல்!" என்று சிரித்தார் டாக்டர். எப்படி ஏமாற்றினான் என்று சொன்னார். நிஜ அச்சை வாங்க அப்புறம் அவர் என்ன தந்திரம் செய்தார் என்பதையும் சொன்னார். சொன்னது இரண்டே வாக்கியம்.

சென்றாயன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நூருல்லாவிடம் ஒன்றுதான் கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீட்டு விருந்துன்ன இல்ல, என்ன சமையல்?"

"அரிசிச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, பாயசம். ஏண்ணா?"

"களி கிண்டச் சொல்லணும்."

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. போன வருஷம்தான் மொழிவாரியாக நாட்டைப் பிரித்தார்கள். அந்தப் பக்கம் சாராயம் உண்டு, இந்தப் பக்கம் மதுவிலக்கு. ஆகவே எவன் மடியில் எது இருந்தாலும் தடவிப் பார்ப்பார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்த வேகத்தில் மூடினார்.

"என்னய்யா இது?"

"எங்க மாமியாரு பல்லுங்க. சண்டை போட மட்டும் ஒரு ஜோடி, சிரிக்க ஒரு ஜோடி," என்றான் நூருல்லா.

"உனக்குத்தான் கல்யாணமே ஆவலையே," என்று முணுமுணுத்தார் சென்றாயன், பஸ் நகர்ந்ததும்.

*

"களியா? மாப்பிள்ளைக்கா?" ஆஞ்சப்பன் குதித்தார். "ஊரு சிரிக்கும்யா!"

மறுநாள் காலை. தை மாதக் குளிரில் பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் கிணறு வாயைத் திறந்துகொண்டு தரைமட்டமாகக் கிடந்தது. ஓரத்தில் இடித்த கல் இன்னும் குவியலாக இருந்தது.

"சிரிக்கட்டும். எனக்கு அதான் வேணும்," என்றார் சென்றாயன். "புது மாப்பிள்ளைய ஒரு உருண்டை களி போட்டுக் கிண்டல் பண்ணுறதுன்னு வெச்சுக்குங்க. நான் நெனைச்சது தப்புன்னா சாப்பாட்டோட முடிஞ்சுபோச்சு."

ஆஞ்சப்பன் கெட்டவர் அல்ல. தாயில்லாப் பெண்ணுக்கு அரசாங்க உத்தியோகத்தில் மாப்பிள்ளை கிடைத்த பெருமையில் கண் மறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் கிணற்றுச் சுவரை ஏன் இடித்தோம் என்று அவருக்கே ராத்திரி தூக்கம் கெட்டிருக்க வேண்டும். கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு வேளைச் சோறு. அதுக்குள்ள காட்டு. காட்டலைன்னா அந்தப் பொம்பளை பந்தல் நடுவுல மாப்பிள்ளை கால்ல விழுந்து, நான் சொன்னது பொய்யின்னு சொல்லணும். அப்புறம் ஜென்மத்துக்கும் வாயத் தொறக்கக்கூடாது."

அதைக் கேட்டுக்கொண்டு சென்னம்மா நின்றாள். "சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவள் தோற்றால் தோற்பது அவள் மட்டுமல்ல. நாளைக்கு விடிந்தால் இன்னொரு பெண் அந்தக் கிணற்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர் சேந்த வேண்டும்.

பந்தலின் ஒரு கோடியில் கீற்றுத் தடுப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் சென்னம்மாவை நிறுத்தினார் சென்றாயன். பந்திப் பாய் அந்தத் தடுப்பை நோக்கி நீளவாக்கில் போகும்படி அவரே இழுத்துப் போட்டார். வெளுத்த சட்டை போட்டு, விருந்துச் சாப்பாட்டுக்கு வந்த மாதிரி வந்திருந்தார் பாகலூர் ஏட்டு கங்கப்பன். விருந்துதான் அவருக்கு முக்கியம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மாப்பிள்ளை வந்தான். பட்டு அங்கவஸ்திரம், முறுக்கிய மீசை, நிமிர்ந்த தாடை. ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் பார்த்துக் கும்பிட்டான். வாயை அதிகம் திறக்காமல் சிரித்தான்.

சென்னம்மா கீற்று இடுக்கில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சென்றாயனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா... இவன் இல்லைங்க."

"என்னம்மா?"

"குரலை நம்பிட்டன். கிட்டத்துல பாத்தா மூஞ்சியில ஒண்ணுகூட அவனுது இல்லைங்க. நான்தான் புத்தி கெட்டுப் போயி... யாரோ நல்ல மனுசன் பொழைப்புல மண்ணைப் போட இருந்தன். வேணாங்கய்யா. நான் இப்பவே போயி கால்ல விழுந்துடறன்."

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றார் சென்றாயன். "கண்ணை மட்டும் எடுக்காத. முகத்தைப் பாக்காத, பக்கவாட்டுல பாரு."

சொல்லிவிட்டாரே தவிர அவருக்கும் நிச்சயமில்லை. சாட்சியே இல்லையென்று சொல்லிவிட்டபின் வழக்கு எங்கே நிற்கும்?

பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் நூருல்லா. கல்யாண பஸ் ஏற்பாடு செய்கிறவன் என்று சொல்லி அங்கே இடம் பிடித்திருந்தான். ஆஞ்சப்பனே கையால் கொண்டுவந்து மாப்பிள்ளை இலையில் வைத்தார்: ஆவி பறக்கும் ராகிக் களி உருண்டை, நடுவில் குழித்து நெய், பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு.

பந்தல் முழுக்கச் சிரிப்பு பொங்கியது.

"என்ன மாமா இது?" என்று மாப்பிள்ளையும் சிரித்தான். "எங்க தஞ்சாவூர்ப் பக்கம் இதெல்லாம் கண்ணாலயே பார்த்ததில்லையே." விரல் நுனியில் ஒரு துணுக்கைக் கிள்ளி, குழம்பில் தொட்டு வாயில் போட்டான். நிதானமாக மென்றான். மீண்டும் மீண்டும் மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"மெல்லுறாரு! மாப்பிள்ளை களிய மெல்லுறாரு!" என்று பையன்கள் கூச்சல் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் களியை யாரும் மெல்லுவதில்லை. பால் மறந்த குழந்தைக்குக்கூட முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்: உருட்டு, தொடு, விழுங்கு. மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும்.

நூருல்லா தன் இலையை மறந்தான். மெல்லுகிறான். அப்படியானால் நிஜமாகவே கும்பகோணத்துக்காரன்தானா? ஓரக்கண்ணால் அண்ணனைத் தேடினான். சென்றாயன் தூணோரம் நின்று, 'பேசு' என்பதுபோல உதட்டை அசைத்தார்.

பேசுவதென்றால் நூருல்லாவுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"வுடுங்கப்பா, பாவம்," என்றான் உரக்க. "நம்ம கெம்பம்மா உக்காந்தா மூணு உருண்டைய நிமிசத்துல முழுங்கும். மாப்பிள்ளைக்குத் தொண்டை சின்னது. மீசைதான் பெருசு. நாளைக்கு அந்தப் பொண்ணுதான் இவருக்குக் களி கொழைச்சு, சங்குல ஊத்தணும்!"

வீட்டு நிலைப்படிக்குப் பின்னாலிருந்து பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதில் கெம்பம்மாவின் சிரிப்பும் இருந்தது.

மாப்பிள்ளையின் காது சிவந்தது. முகத்துக்காக இரண்டு வருஷம் வாயில் கம்பி கட்டிக்கொண்டவன் அவன். பெண்கள் சிரிப்பதை அவனால் எப்படித் தாங்க முடியும்? எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டையைப் பிய்த்தான். உள்ளங்கையில் ஒரு சுழற்று, குழம்பில் ஒரு புரட்டு. கும்பகோணத்துக் கைக்கு அந்தச் சுழற்று எங்கிருந்து வந்தது? கழுத்தை லேசாக நிமிர்த்தி வாயில் போட்டான். சுடச்சுட இருந்த களி, மெல்ல நேரமில்லை. மூளை யோசிப்பதற்குள் தொண்டை வேலையை முடித்தது.

விழுங்கினான்.

விழுங்கிய அந்தக் கணத்தில் அவனுடைய தாடை நழுவியது. எடுப்பான தாடை பின்னால் போய், கீழ் உதட்டுக்கு அடியில் நேரே கழுத்தாயிற்று. பக்கத்து இலையில் இருந்த நூருல்லா அதைப் பார்த்தான். கோடியில் கீற்று இடுக்கிலிருந்து இன்னொருத்தியும் பார்த்தாள்.

கீற்றுத் தடுப்பு சாய்ந்து விழுந்தது.

"அவன்தான்!" என்று அலறிக்கொண்டு வந்தாள் சென்னம்மா. "ஐயோ, அவனேதான்!"

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தான். தாடை பழையபடி முன்னால் வந்துவிட்டது. "யார் இது பைத்தியக்காரி? மாமா, என்ன கூத்து இது?"

"கூத்துதான்," என்றார் சென்றாயன், பந்தி நடுவே வந்து பிஸ்கட் டின்னைத் திறந்துகொண்டே. "ஆஞ்சப்பன், தாடை பின்னால இருக்கிறவன் அதை முன்னால தள்ளி வெச்சுக்கலாம். பழகிட்டா நாள் பூரா வெச்சுக்கலாம். முன்னயெல்லாம் பல்லு நீட்டிக்கினு இருந்ததால தள்ளினாலும் அசிங்கமா இருக்கும். பல்லை உள்ள இழுத்தப்புறம், தாடையத் தள்ளினா அழகான நேர்முகம். ஆனா விழுங்கும்போது மட்டும் தாடை அது வீட்டுக்குத்தான் போகும். முதல் நாள் இவன் தாடையத் தள்ளிக் கடிச்சுப் பெங்களூர் டாக்டரையே ஏமாத்திட்டான். அவரு எச்சிலை முழுங்கச் சொல்லி, அப்புறம்தான் நிஜ அச்சை எடுத்தாரு. எச்சிலை விட உங்க ஊர்க் களி நல்லா வேலை செய்யுது."

இரண்டு ஜோடி அச்சுகளையும் மாப்பிள்ளையின் இலையில், களிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆஞ்சப்பன் பல்லைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "தாடை நழுவினா கொலைகாரனாயிடுவானாய்யா?"

"ஆவ மாட்டான். வாயைத் தொறக்கச் சொல்லுங்க. மேல்வரிசையில கோரைப்பல்லுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒரு பல்லு பிடுங்கியிருக்கணும். இல்லைன்னா அவன் கால்ல விழப்போறது இந்தம்மா இல்ல, நான்."

எல்லாக் கண்களும் அவன் வாய்மேல் இருந்தன. மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. எச்சில் கையாலேயே அதைப் பொத்திக்கொண்டான். ஏட்டு கங்கப்பன் பாயசத்தைக் கீழே வைத்தார்.

சென்னம்மா அவனுக்கு முன்னால் போய் நின்றாள். "எங்க அக்கா உனக்கு இன்னாடா பண்ணா? கெணத்துல தள்ளினியே, அவ உனக்கு இன்னா பண்ணா?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அடையாளம் தேடுகிறவன் பார்வை அது. நெற்றி, மூக்கு, கண் என்று அவள் முகத்தில் யாரையோ தேடினான். அந்தத் தேடலில் தாடையை மறந்தான், தஞ்சாவூர்ப் பேச்சையும் மறந்தான்.

"நீ யாரு... இந்துப்பூர்க்காரியா, மாலூர்க்காரியா?"

மாலூர் என்ற பெயரைப் பந்தலில் இதுவரை யாரும் உச்சரிக்கவில்லை. இந்துப்பூர் என்ற பெயரோ சென்றாயனுக்கே புதிது. ஒரு கிணற்றைத் தேடி வந்தவருக்கு இரண்டு கிணறுகள் அகப்பட்டன.

தான் சொன்னது அவனுக்கே அப்புறம்தான் காதில் விழுந்தது. இலையை மிதித்துக்கொண்டு எழுந்தான். நூருல்லா உட்கார்ந்தபடியே காலை நீட்டினான். மாப்பிள்ளை குழம்பு அண்டாவோடு சேர்ந்து விழுந்தான். ஏட்டு கங்கப்பன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார்.

"எந்தெந்த ஊரு, நீயே வரிசையா சொல்லு," என்றார். சாப்பாடு கெட்ட கோபம் குரலில் இருந்தது.

ஆஞ்சப்பன் தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரார் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும், பார்க்காததுபோல இருப்பதுமாகத் தவித்தார்கள்.

நிலைப்படியைத் தாண்டி ஒரு பெண் வந்தாள். நலங்கு மஞ்சள் முகத்தில் இன்னும் காயவில்லை. கெம்பம்மா. கீழே கிடந்தவனை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சென்னம்மாவிடம் போனாள். நாய் அவிழ்த்துவிடப்பட்ட அன்றைக்கு இதே நிலைப்படியில் நின்று வேடிக்கை பார்த்தவள்தான். இப்போது சென்னம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்க அக்கா பேரு இன்னாங்க?"

சென்னம்மா வாயைத் திறந்தாள். போலீஸ் ஸ்டேஷனில், பஞ்சாயத்தில், இந்த வாசலில் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். இதை ஒருவரும் கேட்டதில்லை. சென்றாயன்கூடக் கேட்கவில்லை.

"முனிலட்சுமி," என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை வருஷமாக அழாத அழுகையை அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதாள்.